மெரைன் டேங்கில் நைட்ரேட் இறங்கவில்லையா? பாசியிடமும் பாறையிடமும் வேலையைக் கொடுங்கள்

சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி, ஆசையாக மெரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி வைத்தவர்கள் மூன்றாவது நான்காவது மாதத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நைட்ரேட் 80-க்குப் போயிடுச்சு, என்ன ஊத்தணும்?"

எதையும் ஊற்ற வேண்டாம். முதல் வருடத்தில் நானும் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றினேன். அளவு ஒரு வாரம் இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு ஒரு சின்னப் பாசிப் பந்தை சம்பில் (டேங்குக்குக் கீழே நீரைச் சுத்திகரிக்க வைக்கும் துணைத் தொட்டி) போட்டு, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். இரண்டரை மாதத்தில் 80 என்பது 10-க்கு வந்தது. அதற்குப் பின் ஏறவில்லை. பெரம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் இருப்பது 3 அடி டேங்க். சம்போடு சேர்த்து 200 லிட்டர். கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த 200 லிட்டருக்கானவை. உங்கள் டேங்குக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

முதலில் வரவுக் கணக்கு

மீன் தின்ற உணவின் கழிவும், தின்னாமல் மிஞ்சிய உணவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும் வேகத்தில் நைட்ரேட் கொல்லாது. அதனால்தான் அது ஓசைப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது. டேங்க் சரியாக சைக்கிள் ஆகிவிட்டது, அதாவது இந்த இரண்டு வகைப் பாக்டீரியாவும் குடியேறிவிட்டன என்பதற்கு நைட்ரேட் வருவதே அடையாளம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருகிற நைட்ரேட்டுக்கு வெளியே போக வழி இல்லாததுதான் சிக்கல்.

எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் பெல்லட் உணவில் 45 சதவீதம் புரதம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது என்று வையுங்கள். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் 0.072 கிராம் நைட்ரஜன். அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் எடை 4.43 மடங்காகும், அதாவது 0.32 கிராம், 320 மில்லிகிராம். 200 லிட்டர் நீரில் இது 1.6 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருள்; மேலே சொன்ன 80, 10 எல்லாம் இந்த அளவில்தான்). தினம் 1 கிராம் போட்டால் மாதத்துக்கு 48 பி.பி.எம். இதில் ஒரு பங்கு மீனின் உடம்பில் தசையாகத் தங்கும், நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர் ஒரு பங்கை எடுக்கும். மிச்சம் எல்லாம் நீரில்தான் கிடக்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று நான் செய்த முதல் வேலை, சமையலறைத் தராசில் என் கை அளவை நிறுத்துப் பார்த்ததுதான். இரண்டு கோமாளி, ஒரு டாம்சல், ஒரு கோபி. இந்த நான்கு சின்ன மீன்களுக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட 1 கிராம். அதில் கால்வாசியே அவற்றுக்குப் போதும்.

சரியாக அளந்து பாருங்கள்

நைட்ரேட் டெஸ்ட் கிட் அவசியம் வாங்குங்கள். சோதனைப் பட்டைகளைவிடச் சொட்டு மருந்துக் கிட் மேல். சொட்டுக் கிட்டில் பலரும் செய்யும் தவறு, இரண்டாவது பாட்டிலைக் குலுக்காமல் விடுவது. அதிலுள்ள பொடி அடியில் இறுகிக் கிடக்கும். அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்கவில்லை என்றால் அளவு குறைத்துக் காட்டும். நைட்ரேட் 5 என்று சந்தோஷப்பட்டு, குலுக்கி மறுபடி பார்த்தபோது 40 காட்டியது என் அனுபவம்.

கிட்டின் கையேட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். சில கிட்கள் நைட்ரேட்டை நேராகக் காட்டும். சில 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று காட்டும். இரண்டாவது வகை என்றால் வரும் எண்ணை 4.43-ஆல் பெருக்க வேண்டும். நண்பர் ஒருவர் 10 என்கிறார், நீங்கள் 44 என்கிறீர்கள், இருவர் டேங்கும் ஒரே நிலையில் இருக்கக்கூடும். நீரில் நைட்ரைட் இன்னும் இருக்கிற புது டேங்காக இருந்தாலும் நைட்ரேட் அளவு கூடுதலாகக் காட்டும். சைக்கிள் முடிந்த பிறகு வரும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

எந்த அளவில் நின்றால் நல்லது? மீன் மட்டும் என்றால் 40-க்குக் கீழே இருக்கட்டும். இறால், துறவி நண்டு போன்றவை இருந்தால் 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள். 5 முதல் 10-க்குள் ஒரே இடத்தில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். சுழியத்துக்கு ஆசைப்படாதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் டைனோ என்று சொல்கிற பழுப்பு நிறக் கொழகொழப்பு மணல்மேல் படரும். அதை விரட்டுவது நைட்ரேட்டை இறக்குவதைவிடக் கடினம்.

நைட்ரேட் வரும் வாசலை மூடுங்கள்: சென்னைத் தண்ணீர்

அயல்நாட்டுக் கையேடுகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நம் ஊரில் இதுதான் பாதிப் பிரச்சினை.

இந்தியக் குடிநீர்த் தர அளவுப்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். மனிதர் குடிக்கத் தகுந்த அந்த நீரை டேங்கில் ஊற்றினால், மீன் விடுவதற்கு முன்பே 45 பி.பி.எம். கழிவுநீர்த் தொட்டிகளும் போர்வெல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற நம் அடுக்குமாடிகளில் நிலத்தடி நீரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எங்கள் குடியிருப்பின் போர் நீரை ஒருநாள் டெஸ்ட் செய்தேன். சோதனைக்குழாய் செக்கச்சிவந்துவிட்டது, நைட்ரேட் அவ்வளவு அதிகம். அதுவரை ஆவியான நீருக்கு ஈடாகத் தினமும் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்!

ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் டேங்கிலேயே தங்கிவிடும். அதனால் தினசரி ஊற்றும் நீர் சுத்தமாக இல்லை என்றால், அதிலுள்ள அழுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். கோடையில் ஃபேன் ஓடும் 3 அடி டேங்கில் நாளுக்கு 2, 3 லிட்டர் சாதாரணமாகப் போகும்.

ஆகவே ஆர்.ஓ. நீர்தான். வீட்டில் குடிநீருக்கு ஆர்.ஓ. இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரை அது கலந்துவிடும். சர்வீஸுக்கு வருபவரிடம் அதை மூடச் சொல்லுங்கள், அல்லது மெம்பரேனிலிருந்து வரும் குழாயில் நேராகப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். 20 லிட்டர் கேன் நீரும் ஆர்.ஓ.தான், ஆனால் ஒவ்வொரு கேனும் ஒவ்வொரு விதம். டி.டி.எஸ். மீட்டர் விலை குறைவு. அதை வாங்கி ஒவ்வொரு கேனையும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் சுழியமே வரும். வெளியேறும் கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சிலர் சேர்த்து வைக்கிறார்கள். டி.டி.எஸ். குறைவாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது செம்புக் குழாய்மேல் வழிந்து வருகிற நீர். செம்பு மிகச் சிறிதளவு கலந்தாலும் இறாலும் நத்தையும் செத்துவிடும். வேண்டவே வேண்டாம்.

அடுத்து கடல்நீர். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு உப்புப் பொடி எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரையோர நீரின் உப்பளவே இறங்கிவிடும், கலங்கலும் கூடும். படகில் வெகுதூரம் போய் எடுத்துவரும் நீர் கிடைப்பவர்கள் அதை அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் மெரைன் உப்புப் பொடியை ஆர்.ஓ. நீரில் கரைத்து, அடர்த்தி எண் 1.025 வந்ததும் ஊற்றுவதே நல்லது. சமையல் உப்பு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் அதைப் போட்டுப் பார்க்கிறார்.

அழுகுவதை அழுகும் முன் எடுங்கள்

ஸ்பாஞ்ச், ஃபில்டர் வுல் இரண்டும் கழிவைப் பிடித்து வைக்கின்றன. பிடித்து வைத்ததை நாம் எடுக்காவிட்டால் அது அங்கேயே அழுகி நைட்ரேட் ஆகும். வுல்லை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள் அல்லது கழுவுங்கள். வாரக்கணக்கில் விடுவதாக இருந்தால் வுல் போடாமலே இருக்கலாம். கேனிஸ்டர் ஃபில்டர் (டேங்குக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வைத்திருப்பவர்கள் அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும். உறைந்த இறால் உணவு போடுகிறவர்கள் வடிகட்டியில் உருகவிட்டு, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். அடியில் சரளைக்குக் கீழே ஃபில்டர் தட்டு வைத்த பழைய முறை டேங்க் உங்களுடையது என்றால், அந்தத் தட்டுக்கு அடியில் பல மாதக் கழிவு இருக்கும். கீழே சொல்லும் எதைச் செய்தாலும் பலன் பாதிதான். அதை மாற்றிவிடுங்கள்.

நீர் மாற்றி இறக்குங்கள், பிறகு பாசி பிடித்துக்கொள்ளும்

20 சதவீத நீரை மாற்றினால் நைட்ரேட்டும் 20 சதவீதம்தான் குறையும். 80 இருந்தால் 64. அடுத்த வாரம் 51, அதற்கடுத்து 41, பிறகு 33. இடையில் உணவிலிருந்து வருவதைச் சேர்த்தால் இதைவிட மெதுவாகத்தான் இறங்கும். வாரம் 5 பி.பி.எம். புதிதாகச் சேர்கிறது என்றால், வாரம் 20 சதவீதம் மாற்றிக்கொண்டே இருந்தாலும் அளவு 20-க்கும் 25-க்கும் இடையில்தான் நிற்கும், அதற்குக் கீழே போகாது. அதற்கும் கீழே இறக்கத்தான் பாசியும் பாறையும். ஒரே நாளில் முக்கால் டேங்கை மாற்றி அவசரப்படாதீர்கள். மாதக்கணக்கில் 80-இல் பழகிய மீனுக்கு அந்தத் திடீர் மாற்றமே தொல்லை.

கீட்டோ: என் முதல் சிபாரிசு

கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசி. நம் வட்டாரத்தில் கீட்டோ. பார்க்கப் பச்சை நைலான் நூலைச் சுருட்டிப் போட்டதுபோல் இருக்கும். வேர் விடாது, பாறையில் ஒட்டாது, பந்தாக மிதந்துகொண்டே வளரும். வளர்வதற்கு நீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சும். நாம் ஒரு பகுதியைக் கிள்ளி வெளியே போட்டால் நைட்ரேட்டும் அதோடு வெளியே போய்விடும். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எவ்வளவு போகும்? தோராயமாகப் பாருங்கள். 100 கிராம் ஈரப் பாசியில் காய்ந்த எடை 10 கிராம் என்றும், அதில் நைட்ரஜன் 3 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால் 0.3 கிராம் நைட்ரஜன். நைட்ரேட்டாகச் சொன்னால் சுமார் 1.3 கிராம். 200 லிட்டரில் 6.6 பி.பி.எம். இரண்டு கை நிறையப் பாசியைப் பிழிந்து நிறுத்தால் 100 கிராமுக்குக் குறையாது. அளவாக உணவு போடுகிற டேங்குக்கு இது இரண்டு வாரக் கணக்கைத் தீர்த்துவிடும்.

வைக்கும் முறை இது. சம்பில் ஓர் அறையை இதற்கென்று ஒதுக்குங்கள், 20 லிட்டர் இருந்தால் போதும். இந்த அறைக்குத்தான் ரெஃப்யூஜியம் என்று பெயர். நீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வழிய வேண்டும், நீரை டேங்குக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் மோட்டாருக்குள் பாசி போகாதபடி ஒரு வலையைத் தடுப்பாக வையுங்கள். சம்ப் இல்லாதவர்கள் டேங்கின் பின்புறம் மாட்டும் பெட்டி வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் டேங்குக்குப் பக்கத்தில் சற்று உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, சின்ன மோட்டாரால் நீரை ஏற்றி, அகலமான குழாய் வழியாகத் திரும்ப விழவிடலாம். குழாயைப் பாசி அடைத்தால் கூடம் முழுக்க உப்புநீர் என்பதால் வலையை இரட்டையாகக் கட்டுங்கள்.

விளக்கு முக்கியம். நீலமாக மினுங்கும் மீன்தொட்டி விளக்கு இதற்குச் சரிவராது. மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும் செடி வளர்ப்பு எல்.இ.டி. அருமையாக வேலை செய்கிறது. 15 முதல் 20 வாட் போதும். டேங்க் விளக்கு அணைந்த பிறகு இரவு முழுவதும் இது எரியட்டும். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். இரவில் எரிவதால் இன்னொரு நன்மை உண்டு. விளக்கில்லா நேரத்தில் டேங்கில் கரியமில வாயு கூடிப் பி.எச். இறங்கும், அந்த நேரத்தில் கீட்டோ ஒளிச்சேர்க்கை செய்து அதை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கும். விளக்கை நீருக்கு மேலே நல்ல இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். உப்புத் தெறித்தால் விளக்கும் போகும், ஷாக்கும் அடிக்கும். வயரில் நீர் சொட்டும் வளைவு ஒன்று பிளக்குக்குக் கீழே இருக்கும்படி கட்டுங்கள்.

பாசியை எங்கே வாங்குவது? ஏற்கெனவே கீட்டோ வளர்ப்பவரிடம் கேளுங்கள். வெட்டி எறிய இடமில்லாமல்தான் இருப்பார்கள். கைப்பிடி அளவு கொடுப்பார்கள். வாங்கி வந்ததும் தனி வாளியில் உப்புநீரில் நன்றாக அலசுங்கள். அதற்குள் சின்ன நண்டுகளும் வேண்டாத பாசி விதைகளும் ஒளிந்திருக்கும். நன்னீரில் ஊறவைக்க வேண்டாம், கீட்டோவே செத்துவிடும்.

முதல் மூன்று நான்கு வாரங்கள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமை இழக்கும் இடம் இதுதான். பலர் இந்த நேரத்தில்தான் மறுபடி பாட்டில் மருந்துக்குப் போகிறார்கள். பந்து கெட்டியான பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிறினால் விளக்கைக் குறைத்துப் பாருங்கள், அல்லது பாஸ்பேட்டை அளந்து பாருங்கள். நைட்ரேட் 50 இருந்து பாஸ்பேட் சுழியமாக இருந்தால் பாசி வளராது. சோறு இருந்தும் உப்பில்லாத நிலை. பாஸ்பேட் உறிஞ்சும் மருந்து ஏதாவது ஃபில்டரில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும்.

பந்து அறையை நிறைத்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். அப்படியே விட்டுவிட்டால் உள்பக்கம் வெளிச்சமில்லாமல் அழுகி, எடுத்த நைட்ரேட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். எடுக்கும்போது மிச்சத்தைப் புரட்டிப் போடுங்கள்.

கடல் திராட்சை என்று அழகாக இருக்கும் கௌலர்ப்பாவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வேகமாக வளரும்தான். ஆனால் ஒருநாள் காலையில் செடி முழுவதும் கண்ணாடிபோல் வெளிறி, இனப்பெருக்கத்துக்காகத் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் நீரில் கொட்டிவிடும். நீர் பால்போல் கலங்கி, ஆக்சிஜன் இறங்கும். புதியவர்களுக்கு வேண்டாம். பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி எல்லாம் நல்ல பாசிகளே. இருந்தாலும் கரையில் ஒதுங்கியதை எடுத்துவந்து போட்டால் அது அழுகத்தான் செய்யும்.

சதுப்புநில மரக்கன்று, அதாவது அலையாத்திச் செடி வைத்தால் நைட்ரேட் இறங்கும் என்றும் படித்திருப்பீர்கள். இறங்கும், மரம் வளர்கிற வேகத்தில். அழகுக்கு வைக்கலாம்.

பாறை, மணல்

நுண்துளைகள் நிறைந்த பாறையின் உள்ளே ஆக்சிஜன் போகாத இடங்கள் உண்டு. அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். அந்த வாயு குமிழாகக் காற்றில் கலந்துவிடும். எந்த வேலையும் நமக்கு இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் உருவாக ஆறு மாதமாவது ஆகும்.

இங்கே சட்டம் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவள இனங்கள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பே நம் கடல் பவளத்துக்கும். மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை வாங்குங்கள், பவளப் பாறை வாங்குங்கள் என்று அமெரிக்கக் கையேடு சொல்வதை இங்கே செய்ய முடியாது. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது கல்லைக் காட்டினால் வாங்காதீர்கள். அந்தத் திட்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டியே ஏற்கெனவே நொந்தவை. இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன, இன்று கண்ணில் தெரிவது 19.

மாற்று இருக்கிறது. செராமிக் கட்டிகள், செயற்கை உலர் பாறை இரண்டும் கிடைக்கின்றன. 200 லிட்டருக்குச் செயற்கைப் பாறை 15 முதல் 20 கிலோ போதும். உலர் பாறையை உப்புநீரில் ஒரு மாதம் ஊறவைத்து, ஓடுகிற டேங்கிலிருந்து ஒரு கைப்பிடி மணலை அதோடு சேர்த்தால் பாக்டீரியா குடியேறும். சிமென்ட்டில் தானே வார்த்துக்கொள்கிறவர்கள் பி.எச். 8.2 பக்கம் இறங்கும்வரை வாரக்கணக்கில் நீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அடுக்கும்போது சுவர்போல் நெருக்காமல், வேவ் மேக்கரின் நீரோட்டம் இடையிடையே புகும்படி அடுக்குங்கள். பாறைக்குப் பின்னால் கழிவு சேர்ந்தால் பாறை செய்யும் வேலை வீண்.

மணல் 2, 3 சென்டிமீட்டர் போடுங்கள். இல்லையென்றால் 12-க்கு மேல் போடுங்கள். ஆழ்ந்த மணல் படுகையின் அடியிலும் அதே வாயுவாக்கும் வேலை நடக்கும். ஆனால் அடியில் கறுத்த திட்டுகள் உருவாகி, தவறுதலாகக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். சின்ன டேங்கில் அது ஒரே நாளில் எல்லா மீனையும் கொல்லும். 3 அடி டேங்கில் ஆழ்மணல் வேண்டாம் என்பதே என் முடிவு. மெரினா மணலும் வேண்டாம். பாக்கெட்டில் வரும் அரகோனைட் மணலை வாங்குங்கள்.

கத்திரி வெயிலும் மின்வெட்டும்

பாசி, பாக்டீரியா, மீன் எல்லாம் ஒரே நீரில் மூச்சு விடுகின்றன. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் சுமார் 6. குறைவது கொஞ்சம்தான். ஆனால் சூட்டில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடுகிறது. மே மாதத்தில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாத டேங்க் 31, 32-க்குச் சாதாரணமாகப் போகும். நீர்ப்பரப்பின்மேல் ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்த நாட்களில் உணவைப் பாதியாக்குங்கள்.

வினிகர் ஊற்றிப் பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டை இறக்கும் முறையும் உண்டு. வேலை செய்யும். ஆனால் பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனை வேகமாக இழுக்கும்; அதை வெளியேற்ற நல்ல ஸ்கிம்மர் இடைவிடாமல் ஓட வேண்டும். வினிகர் ஊற்றிய இரவில் மின்சாரம் போனால் காலையில் மீன் இருக்காது. முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயலின்போது பல பகுதிகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் மாற்று பேட்டரிகளும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே மறுபடி ஓடவிடாமல், திறந்து உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைக் கழுவிய பிறகு ஓட்டுங்கள்.

வெட்டிய பாசியை என்ன செய்வது

இரண்டாவது மாத முடிவில் உங்கள் கையிலும் ஒரு பாசிப் பந்து மிஞ்சும். அதைக் கடலிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ போடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூச்சை அடைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கி, மொட்டைமாடியில் ஒருநாள் காயவைத்தால் செடிகளுக்கு உரமாகும். அல்லது டேங்க் நீர் கொஞ்சம் ஊற்றிய பையில் கட்டி வையுங்கள். நைட்ரேட் 80-க்குப் போயிடுச்சு என்று யாராவது கேட்டு வருவார்கள்.